நம்ம கணைய நோய் குடும்பங்கள் சங்கம், தருமபுரி: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். அரூர், பாலக்கோடு, பென்னாகரத்துல இருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. வரவு செலவை பொருளாளர் அக்கா படிப்பாங்க. மாசக் கூட்டம் ரெண்டு மட்டும் மழையால நின்னுச்சு. நான் பேச வேண்டியது ஹைட்ரஜன் தண்ணி, அதாவது ஹைட்ரஜன் வாயு கலந்த தண்ணி விஷயம்.

ஐப்பசி கூட்டத்துக்கு ஒருத்தர் அந்தத் தண்ணி தயாரிக்கிற பாட்டில் கொண்டு வந்தாரு, பட்டனை அமுக்குனா அடியில நீல லைட் எரிஞ்சு பொடிப்பொடியா குமிழி கிளம்புது, இதைக் குடிச்சா பரம்பரை கணைய நோயே போயிடும், ஆராய்ச்சியே இருக்குன்னாரு, மூணு குடும்பம் வாங்கிட்டோம், அதுல ஒண்ணு என் வீடு. ஃப்ளோரைடு தண்ணியில பல்லு காவியேறி முட்டி மடக்க முடியாம அவஸ்தைப்பட்ட ஜனம் நாம, ஒகேனக்கல் குடிநீர் திட்டம் 2013ல தான் வந்துச்சு, நல்ல தண்ணின்னு சொன்னா நம்பாம இருக்க முடியுமா?

அப்புறம் தான் உக்காந்து படிச்சேன். ஆராய்ச்சி இருக்கறது நிஜம். 2007ல ஜப்பான்காரங்க, உடம்பு செல்லை அரிக்கிற ஒரு வகை ஆக்சிஜனை ஹைட்ரஜன் அடக்குதுன்னு காட்டுனாங்க, அதுக்கப்புறம் எலிக்கு கணைய வீக்கத்தை வரவச்சு ஹைட்ரஜன் கலந்த சலைன் கொடுத்ததுல வீக்கம் குறைஞ்சுது. ஆனா அது மருந்து போட்டு வரவச்ச வீக்கங்க. நம்ம பிள்ளைங்களுக்கு கோளாறு ஜீன்லயே இருக்கு. பி.ஆர்.எஸ்.எஸ்.1னு அந்த ஜீனை 1996ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் குழு கண்டுபிடிச்சுது. குடலுக்குப் போன பிறகு வேலை செய்ய வேண்டிய டிரிப்சின்ங்கற செரிமான என்சைம், கணையத்துக்குள்ளயே முழிச்சுக்கிட்டு கணையத்தையே செரிச்சிடுது. அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தண்ணி குடிச்சு ஜீன் மாறாது.

பாட்டில் வந்த தைரியத்துல நான் பையனுக்கு, சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் கேப்ஸ்யூலை நிறுத்திட்டேன். பத்தே நாள்ல கக்கூஸ்ல எண்ணெய் மிதந்துச்சு, களி உருண்டையில ரெண்டு வாய் தின்னுட்டு முட்டியை நெஞ்சோட கட்டிக்கிட்டு சுருண்டுட்டான். இது என் தப்பு, வேற யாரும் பண்ணிடாதீங்க.

அதனால மார்கழி கூட்டத்துல தீர்மானம் போட்டோம்: டாக்டரைக் கேக்காம கேப்ஸ்யூலை நிறுத்தக்கூடாது, சாப்பாட்டோட முதல் வாயிலேயே போடணும். பீடி, சிகரெட், சாராயம் எதுவும் கிட்டவே வரக்கூடாது, இந்த நோய்க்காரங்களுக்கு ஏற்கனவே இருக்கிற கணைய கேன்சர் ஆபத்தை புகை இன்னும் ரெண்டு மடங்காக்கும், இதை வயசுக்கு வந்த பசங்ககிட்ட வெளிப்படையா சொல்லுங்க.

பாட்டில் வாங்குன மத்த ரெண்டு குடும்பமும் பில்லைக் கொண்டு வாங்க, பணத்தைத் திருப்பிக் கேட்டு லெட்டர் எழுதிட்டிருக்கேன்.