லெவென்டினாவையும் சொல்லியிருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்தின் நேரடி மக்களாட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திறந்த வெளியில் கூடி, கையுயர்த்தி முடிவெடுத்த ஊரி மாநிலத்தின் மக்கள் சபையைக் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். பாராட்டத் தக்கதுதான். ஆனால் அந்தச் சபை, கோட்ஹார்ட் கணவாய்க்குத் தெற்கே இருந்த லெவென்டினா பள்ளத்தாக்கை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தனக்குக் கீழ்ப்பட்ட ஆளுகைப் பகுதியாக வைத்திருந்தது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

ஐரோலோவிலிருந்து பியாஸ்கா வரை டிசினோ ஆற்றின் மேற்பகுதியை ஒட்டி நீளும் பள்ளத்தாக்கு அது. மக்கள் பேசுவது இத்தாலியம். இடைக்காலத்தில் அது மிலான் பேராலயக் குருமார் சபையின் உடைமையாக இருந்தது. இன்றும் அங்குள்ள தேவாலயங்களில் மிலானின் அம்புரோசிய வழிபாட்டு முறையே நடக்கிறது. ஊரிக்கு அதன் மேல் கண் விழுந்ததற்குக் காரணம் கணவாய். ஊரியின் செல்வம் மாடு. மாட்டை வாங்கும் சந்தைகள் மிலானைச் சுற்றிய வட இத்தாலியப் பகுதியான லோம்பார்டியில் இருந்தன. 2,106 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாயின் வடக்குப் பக்கம் கையில் இருந்தும், இறங்கும் பக்கம் வேறொருவர் கையில் இருந்தால் வணிகம் நிம்மதியாக நடக்காது.

1403-ல் ஊரி முதன்முறை உள்ளே வந்தது. 1422-ல் ஆர்பேதோ போரில் மிலானிடம் தோற்று வெளியேறியது. 1440 வாக்கில் மீண்டும் வந்தது. 1478 டிசம்பர் 28 அன்று ஜோர்னிகோவில் மிலான் படையை முறியடித்த பிறகு அதன் பிடி உறுதியானது. அந்தப் போரில் லெவென்டினா ஆண்களும் ஊரியின் பக்கம் நின்று போரிட்டார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். தோளோடு தோள் நின்றவர்களுக்குச் சபையில் இடம் கிடைக்கவில்லை. ஊரியிலிருந்து ஓர் ஆளுநர் வந்து பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான ஃபைடோவில் உட்கார்ந்து நீதி வழங்கினார். பியொத்தினோ இடுக்கில் 1561-ல் கட்டிய தாசியோ கிராண்டே சுங்கச் சாவடியில் வழிப்போக்கரிடமும் சரக்கிடமும் வாங்கிய பணம் ஊரிக்குப் போனது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவிஸ் கூட்டமைப்பின் கீழ்ப்பட்ட மற்ற பல நிலங்களைவிட லெவென்டினாவுக்கு உரிமைகள் அதிகம் இருந்தன. ஊர்ச் சமூகங்கள் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் தாமே நிர்வகித்தன. பள்ளத்தாக்குக்குச் சொந்தச் சட்டத் தொகுப்பும் பொதுச் சபையும் இருந்தன. 1755-ல் பிரச்சினை வெடித்ததும் அந்த உரிமைகளைப் பற்றித்தான். விதவைகள், அனாதைப் பிள்ளைகள் ஆகியோரின் சொத்தை நிர்வகிப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஊரி உத்தரவிட்டது. உத்தரவின் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் பள்ளத்தாக்கு மக்கள் அதைத் தங்கள் பழைய உரிமையில் கைவைப்பதாகக் கண்டார்கள், எதிர்த்து எழுந்தார்கள். ஊரியின் படையும் உடன் வந்த அண்டை மாநிலப் படைகளும் கணவாய் தாண்டி இறங்கின. 1755 ஜூன் 2 அன்று, ஆயுதம் பறிக்கப்பட்ட ஆண்களை ஃபைடோவில் மண்டியிடச் செய்து, அவர்கள் கண்ணெதிரே ஓர்சி, ஃபோர்னி, சார்தோரி ஆகிய மூன்று தலைவர்களின் தலையைத் துண்டித்தார்கள். பொதுச் சபை முதலான உரிமைகள் பறிக்கப்பட்டன. கையுயர்த்தி முடிவெடுத்த ஒரு சமூகம், பக்கத்துப் பள்ளத்தாக்கு கையுயர்த்துவதைத் தடைசெய்தது. மக்களாட்சியின் வரலாற்றை எழுதுகிறவர் தவிர்த்துப் போகக் கூடாத நாள் அது.

1798-ல் பிரெஞ்சுப் படைகள் நுழைந்து பழைய சுவிஸ் கூட்டமைப்பு சரிந்தபோது இந்த ஆளுகையும் முடிந்தது. லெவென்டினா முதலில் பெல்லின்ஸோனா என்ற குறுகிய கால மாநிலத்தின் ஒரு பகுதியானது; 1803-ல் நெப்போலியனின் ஏற்பாட்டின்படி புதிய டிசினோ மாநிலத்தில் சேர்ந்தது. ஊரி விட்டுவிடவில்லை. நெப்போலியன் வீழ்ந்ததும் பள்ளத்தாக்கைத் திருப்பிக் கேட்டது. 1815-ல் வியன்னா மாநாடு நிலத்தைத் தர மறுத்து, லெவென்டினாச் சுங்க வருவாயில் பாதியை ஊரிக்கு டிசினோ கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. சுதந்திரம் பெற்ற பிறகும் பழைய எசமானுக்குப் பணம் கட்ட நேர்ந்தது! 1848-ன் கூட்டாட்சி அரசியலமைப்பு சுங்கத்தை மத்திய அரசின் பொறுப்பாக்கியது.

சூரிக்கிலிருந்து லுகானோவுக்கு ரயிலில் போகும் நம்மவர்கள் பலர் 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய்விடுவதால் ஃபைடோவையோ ஐரோலோவையோ பார்ப்பதில்லை. பழைய மலைப்பாதை ரயிலைப் பிடித்தால் பார்க்கலாம். தாசியோ கிராண்டே கட்டடம் இன்றும் நிற்கிறது.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஊரி மட்டுமல்ல, பெர்னும் சூரிக்கும்கூடக் கீழ்ப்பட்ட நிலங்களை ஆண்டவைதான். இன்று இத்தாலியில் உள்ள வால்தெல்லீனா பள்ளத்தாக்கு 1512 முதல் 1797 வரை, இன்றைய கிராபூண்டன் மாநிலத்தின் முன்னோடியான முக்கூட்டணிக்குக் கீழே இருந்தது. இவற்றுக்கு அந்தத் தொடர்ச்சியில் இரண்டு பக்கமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
லுசேர்ன்