ஒரிஜினல் சிடி இல்லாத பழைய கம்ப்யூட்டரில் மறுபடியும் விண்டோஸ் போடுவது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "சிடி எல்லாம் எங்கே போச்சுன்னே தெரியலைங்க, இனிமே இதுல விண்டோஸ் போட முடியுமா?" என்று தயங்கிக் கேட்பவர்களை எங்கள் கடையில் வாரம் தவறாமல் பார்க்கிறோம். முடியும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு அந்த சிடி தேவையே இல்லை. பலவற்றின் பெட்டியில் அப்படி ஒரு சிடி வந்ததே இல்லை. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உரிமம் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாத காரணத்தால்தான் பலர் கிராக் செய்த காப்பியைப் போட்டுக்கொண்டு, வைரஸோடு திரும்பி வருகிறார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால், அடிப்பக்கத்திலோ பேட்டரியைக் கழற்றினால் அதற்குக் கீழேயோ ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள 25 எழுத்துகளும் எண்களும் சேர்ந்ததுதான் உங்கள் உரிமம்; அதைத்தான் சாவி என்கிறோம். மடியில் வைத்து வைத்தே அது தேய்ந்து போயிருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். அந்தக் காலத்துச் சாவிகளில் 0, 1, 5 ஆகிய எண்கள் வராது. ஆங்கில உயிரெழுத்துகளும் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டாம். ஆங்கில B-யா 8-ஆ என்ற குழப்பம்தான் அடிக்கடி வரும்; இரண்டையும் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 'ஹோம் பேசிக்' என்று இருந்தால் அதே பதிப்பைத்தான் போட வேண்டும், வேறு பதிப்பு அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ளாது. ஸ்டிக்கர் இன்னும் நன்றாக இருப்பவர்கள் இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

விண்டோஸ் 8-உடன் விற்பனைக்கு வந்த லேப்டாப்களிலிருந்து, சாவியை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதிந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதே பதிப்பைப் போட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு காலம் மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்தபோது 7-இலிருந்து 10-க்கு மாறியவர்களுக்குச் சாவி என்று எதுவும் தேவைப்படாது. உங்கள் மதர்போர்டின் அடையாளம் மைக்ரோசாப்டின் கணக்கில் இருப்பதால், சாவி கேட்கும் இடத்தைத் தாண்டிச் சென்று, போட்டு முடித்த பின் இணையத்தில் இணைத்தால் போதும். இடையில் மதர்போர்டு மாற்றியிருந்தால் மட்டும் அதை எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒளிந்திருக்கும் ரிகவரி பகுதி. தயாரிப்பாளர்கள் சிடிக்குப் பதிலாகக் கொடுத்தது இதுதான். ஆன் செய்தவுடன் எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், தோஷிபாவில் பூஜ்ய விசை என்று நிறுவனத்துக்கு ஒரு வழி உண்டு. பல லெனோவோ லேப்டாப்களில் ஊசி நுழையும் அளவு சின்ன பட்டன் ஒன்று பக்கவாட்டில் இருக்கும். டிரைவர்கள் (வைஃபை, ஒலி போன்றவற்றை இயக்கும் மென்பொருள்கள்) உட்பட எல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே திரும்பிவிடும் என்பது இதன் வசதி. ஆனால் உங்கள் கோப்புகள் அழிந்துவிடும், சில மாடல்களில் டி டிரைவும் சேர்ந்து போகும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வந்தால் அந்த விசையைத் தொடவே வேண்டாம். அணைத்துவிட்டு எடுத்து வாருங்கள்.

ரிகவரி பகுதியும் இல்லையென்றால் பென் டிரைவ்தான். விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். போடும்போது பாதி வழியில், இந்த டிஸ்க்கின் அமைப்பு பொருந்தவில்லை, இதில் போட முடியாது என்று ஒரு செய்தி வருவதுண்டு. அந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாப் பகுதிகளையும் டெலிட் செய்துவிட்டு, போட்டோக்களையெல்லாம் இழந்து வந்தவர்கள் பலர். ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில், பென் டிரைவிலிருந்து சரியான முறையில் தொடங்கும்படி (பூட்) செய்தால் பெரும்பாலும் அந்தச் செய்தி மறைந்துவிடும், எதையும் அழிக்க வேண்டியதில்லை. வைஃபை டிரைவரை முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. அது இல்லாமல் வைஃபை வழியாக மற்ற டிரைவர்களை இறக்க முடியாது.

விண்டோஸ் போடுவதைவிட எங்களுக்குக் கவலை தருவது அதற்கு முன் எடுக்கும் பேக்கப்தான். கடை தொடங்கிய புதிதில், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒருவரின் கம்ப்யூட்டரில் கோப்புகள் அனைத்தையும் கவனமாகக் காப்பி எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தோம். மறுநாள் காலை அவர் ஒரு பத்திரிகையைத் திறந்தார். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியும். பாமினி எளிதில் கிடைத்துவிட்டது. அவர் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அலங்கார எழுத்துருக்களை மட்டும் எங்களால் முழுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து எழுத்துருக் கோப்புறையைக் காப்பி எடுக்காமல் எந்தக் கம்ப்யூட்டரையும் நாங்கள் ஃபார்மட் செய்வதில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் டேட்டா கோப்புறையைக் காப்பி எடுப்பதோடு லைசென்ஸையும் சரண்டர் செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடனும் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய லேப்டாப்கள் பலவற்றில் கிடையாது. ஆகவே மெயில், வீடியோ, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். செலவில்லை, தமிழிலும் தட்டச்சு செய்யலாம். பழைய பில்லிங் மென்பொருளுக்காக 7-தான் வேண்டும் என்றால் போட்டுத் தருகிறோம், ஆனால் அதில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். மெயில் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்ததைத் திறந்து காட்டி, நீங்கள் சரி என்று சொன்ன பிறகே ஃபார்மட் செய்வோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் சர்வீஸ் பிரிவினரும்