பழனி பாதயாத்திரை வழியில் அன்னதானம் போடும் அன்பர்களுக்கு

அன்னதானக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நண்பர் கூட்டத்தில் நானும் ஒருவன். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிற வழி. அதில் பெரும்பாலும் உங்கள் சோற்றைத் தின்றுதான் நடக்கிறோம். தின்ற வாயால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு போதும், சாமி. எங்களுக்கு இப்போது வேண்டியது வேறு.

பூசத்துக்கு ஓரிரு நாள் இருக்கும்போது திண்டுக்கல்லை ஒட்டிய சாலையைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். முதல் பந்தலில் வெண்பொங்கல். கூப்பிடு தூரத்தில் இட்லி. அதைத் தாண்டினால் தக்காளி சாதம், அப்புறம் கேசரி, சுண்டல். வேண்டாம் என்று கும்பிட்டால், "முருகன் குடுக்கறத வேணாம்னு சொல்லக்கூடாது சாமி" என்று ஒரு அம்மா கையைப் பிடித்துத் தட்டை வைத்துவிடுவார். மாலை போட்டவன் அதற்கு என்ன பதில் சொல்வான்? வாங்கி ரெண்டு வாய் தின்றுவிட்டு, மீதியைச் சாலையோரம் வைத்துவிட்டு நகர்கிறோம். பின்னால் வெறுங்காலில் வருகிற பாட்டி அந்தக் கேசரியில் கால் வைக்கிறார். நெய்ப் பொங்கலை மிச்சம் வைக்காமல் தின்கிற நண்பன் ஒருவன் எங்கள் கூட்டத்தில் உண்டு. புளியமரத்தடியில் சாய்ந்தான் என்றால் அவனை எழுப்புவதற்குள் வெயில் ஏறிவிடும்.

அதே சாலைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து பாருங்கள். பகலில் தார் காலைப் பொசுக்குகிறது என்பதால் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் நடக்கிறோம். பூசத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் என்றால் வளர்பிறை நிலாவும் அதற்குள் மறைந்துவிடுகிறது. எதிரே வருகிற லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டுப் போனதும், கொஞ்ச நேரத்துக்குத் தன் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. ஊர் எல்லை தாண்டினால் ஒரு விளக்குக் கிடையாது, ஒரு குடம் தண்ணீர் கிடையாது. ஒரு டியூப்லைட், உட்கார நாலு பெஞ்சு, ஒரு அண்டா சுடுதண்ணீர், இவ்வளவு போதும். எங்கள் முதுகுப் பையில் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர் வாங்கி வைத்தால் இன்னும் புண்ணியம். ஒரு வேளைப் பொங்கலுக்கு ஆகிற நெய்ச் செலவு கூட அதற்கு ஆகாது.

சுடுதண்ணீர் என்றேனே, அது குடிக்க மட்டுமில்லை. நத்தம் தாண்டி ஒரு வீட்டுத் திண்ணையில் அண்டாவில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் காலை நனைக்கச் சொன்னார்கள். குதிகால் கொப்புளத்தில் ஊசியில் கோத்த நூலை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, நீர் வடிய அப்படியே விட்டு, மேலே விளக்கெண்ணெய் தடவினார் அந்த வீட்டுத் தாத்தா. ஊசியை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் குத்தினார். பந்தல்தோறும் கேசரிக்குப் பதில் இப்படி ஒரு தாத்தா இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் முன்னோர் சொன்ன முப்பத்திரண்டு அறங்களில் சோறு போடுவதும் உண்டு. கூடவே தண்ணீர்ப் பந்தல், மடம், சோலை எல்லாம் உண்டு. மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு தறி நடுவதைக் கூட அறம் என்று சேர்த்தார்கள். மாட்டின் முதுகு அரிப்பை நினைத்தவர்கள் வழி வந்த நாம், நடந்து வருகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறையை நினைக்காமல் இருக்கிறோம். எங்களோடு வரும் அக்காமார் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், இருட்டும்வரை ஒதுங்க இடமில்லை என்பதால். சாப்பாட்டுக்கு அழைக்கிற அதே உரிமையோடு ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் பேசி, அந்தப் பத்து நாள் கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்ல உங்களால் முடியும். நாங்கள் கேட்டால் யார் திறப்பார்கள்? நீங்கள் உள்ளூர்க்காரர்கள்.

குப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தடை. ஆனாலும் சாலையோரம் அதுதான் பறக்கிறது. டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள், நாங்களே கழுவி வைத்துவிட்டுப் போகிறோம். மந்தாரை இலையில் கொடுத்தால் மாடு தின்றாலும் பயமில்லை.

ஒரே ஊரில் ஐந்து குழு இருந்தால் பந்தக்கால் நடும் முன் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு பேர் சோறு போடட்டும். ஒருவர் ராத்திரித் தண்ணீரையும் விளக்கையும் பார்க்கட்டும், ஒருவர் கழிப்பறையை, ஒருவர் கால் மருந்தை. பேனரில் யார் பெயர் மேலே என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பூசம் முடிந்து தட்டும் இலையும் பொறுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். திரும்பும்போது நாங்கள் பஸ்ஸில்தான் வருகிறோம், உங்கள் ஊரில் இறங்கிக்கொள்கிறோம்.

அரோகரா!

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து நடைக்காரன் ஒருவன்