அந்தப் பெயரை எழுதிவிடுங்கள்

அருங்காட்சியக எகிப்தியப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி கேட்கிறேன்: மரச் சவப்பெட்டியில் இருப்பவரின் பெயரைத் தயவுசெய்து பலகையில் எழுதுங்கள்.

'மம்மி, ஆண்' என்று போட்டு, கீழே ஓர் எண் கொடுத்திருக்கிறீர்கள். பெயர் தெரியாதவர் என்றால் சரி, புரிந்துகொள்ளலாம். ஆனால் பெட்டியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் எகிப்தியச் சித்திர எழுத்து ஓடுகிறது. தட்டுத்தடுமாறி நானே கொஞ்சம் படித்தேன். அரியணைச் சித்திரமும் கண் சித்திரமும் சேர்ந்து வந்தன, அது 'ஒசைரிஸ்', இறந்தோரின் கடவுள். இறந்தவரை அப்படி அழைத்துத்தான் அடுத்து அவர் பெயரை எழுதுவார்கள். அந்த இடத்தைத்தான் உங்கள் பலகை மறைத்துக்கொண்டு நிற்கிறது. குனிந்தேன், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. வரவேற்பறையில் கேட்டால், பதிவேட்டில் எண் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள்.

பெயர் அழிந்தால் இன்னொரு முறை சாவு என்று நம்பியவர்கள் அவர்கள். உங்களுக்குத் தெரியாததா? இறந்தவருக்கு மறுமையில் துணையாகக் கல்லறையில் வைக்கும் மந்திரத் தொகுப்பான 'இறந்தோர் நூல்' சுருள்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைப்பார்கள். வாங்கியவரின் பெயரை அப்புறம் நிரப்புவார்கள். ஆனி என்ற எகிப்திய எழுத்தரின் புகழ்பெற்ற சுருளிலேயே அப்படி நிரப்பிய இடங்கள் உண்டு. 1888-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அதை வாங்கிய பட்ஜ் என்பவர், சுமார் 24 மீட்டர் நீளச் சுருளை 37 துண்டுகளாக வெட்டினார். ஒருவர் தன் மறுமைப் பயணத்துக்கென்று வைத்திருந்ததை, சட்டத்தில் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று வெட்டுவதா? படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அது நீங்கள் செய்ததில்லை, தெரியும். பலகை உங்களுடையது.

கல்லறை வாசலில் அவர்கள் வழிப்போக்கரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என் பெயரைச் சொல்லி, எனக்குப் படையலாக 'ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள், உங்களுக்குச் செலவு வாய் மூச்சு மட்டுமே. தினமும் எத்தனையோ பேர் அந்தப் பெட்டியைக் கடந்து போகிறார்கள். சொல்ல மனமிருப்பவருக்கும் பெயர் தெரியாது.

பெயரை எழுதுங்கள். எழுத்தறிந்தவரை அழைத்துப் படிக்க நாளாகும் என்றால், அதுவரை பலகையை ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுத்த முறை வரும்போது நானே வாய்விட்டுப் படித்துக்கொள்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் பார்வையாளர் ஒருவர்