திரையில் நடக்கும் ஆண்டு விழா

ஆசிரியருக்கு,

இணையவழித் தொடக்க வகுப்புகளில் ஆண்டு விழாவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிடுகிறார்கள். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30–45 நிமிட அமர்வுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று 2020 ஜூலையில் வந்த மத்திய அரசின் ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல் சொன்னது. விழா நாளில் மட்டும் பிள்ளைகளுக்குக் கண் வலிக்காதா?

பெரிய தொல்லை சேர்ந்திசைதான். ஒலி ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறு தாமதத்தில் போய்ச் சேர்வதால் நேரலையில் தாளம் ஒன்றுசேரவே சேராது. மாதிரியாகப் பதிவு செய்து அனுப்பிய ஒரே பாட்டை ஹெட்போனில் கேட்டபடி ஒவ்வொரு பிள்ளையும் தனியே பாடிப் பதிவு செய்யட்டும். மாதிரிப் பாட்டின் தொடக்கத்தில் நான்கு தாளத் தட்டு வைத்து, நான்காவதில் பிள்ளையும் கைதட்டினால், தொகுப்பவர் அந்தச் சத்தத்தை வைத்து எல்லாப் பதிவுகளையும் ஒன்றாக நிறுத்திவிடலாம். நேரலையில் தனியாக மிருதங்கம் வாசிப்பவர் ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதை இரைச்சலென்று எண்ணி அமுக்கிவிடும்.

பரிசளிப்பைக் குறைத்து, விடைபெறுவதற்கு நேரம் கொடுங்கள். ஜூமில் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும் பிரேக்அவுட் அறை ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து பிள்ளைகள், கூட ஒரு ஆசிரியர், பத்து நிமிடம் போதும். கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். வீட்டைக் காட்டக் கூசும் பிள்ளைகள் உண்டு. பாதியில் காணாமல் போன பிள்ளையின் வீட்டுக்கு அன்றே போன் செய்யுங்கள். நெட் போயிருக்கலாம், அழுதுகொண்டும் இருக்கலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வராமல் விழா வீடியோவை யூடியூபில் ஏற்றாதீர்கள்.

– தொடக்கநிலை ஆசிரியர்கள் சிலர்