கரண்டியை என் கையில் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது. நேரில் கொண்டுவந்து கொடுக்கும்போது தேதி என்ன, மண்டபம் எங்கே, பொண்ணுக்கு எந்த ஊர் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும், சொல்ல நினைத்ததைச் சொல்லாமலேயே கிளம்பிவிடுவேன். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்த உங்கள் எல்லாருக்கும் மனசார நன்றி.

பள்ளிக்கூடத்திலிருந்தே நான் விடுதியில் வளர்ந்தவன். வேலைக்கு மதுரை வந்த பிறகு மெஸ் சாப்பாடு. யாரோ ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் நர்ஸ். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வீடு வருகிறவர், வந்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. அவர் இதை என்னிடம் கேட்கவே இல்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் சிம்மக்கல் மெஸ் அண்ணனுக்கு. அண்ணே, மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வரும் நேரத்தில் உங்கள் அடுப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. அதிலும் லீவு நாளில் வந்து நின்ற என்னை ஓரமாக நின்று வேடிக்கை பார் என்று விட்டுவிடாமல், சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்கச் சொல்லி, அரிசி களையச் சொல்லி, அப்புறம் ஒருநாள் சாம்பார்க் கரண்டியையே கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பந்தி கவனிக்கப் போய்விட்டீர்கள். காய் வேகுமுன் புளியை ஊற்றினால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் காய் விறைப்பாகவே நிற்கும் என்பதையும், ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் நுரை கூடி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்பதையும் உங்களிடம்தான் படித்தேன். அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைத் தீட்டு, மசாலாவின் பச்சை வாசம் போய்விட்டதா என்று மூக்குதான் சொல்லும் என்பீர்கள். இப்போது பக்கத்து அறையில் இருந்தால்கூட எனக்கு அது தெரிகிறது அண்ணே.

மகால் பக்கம் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் இருக்கும் அக்காவுக்கு. மாவு ஆட்டுவது எனக்குப் பெரிய மலைப்பாக இருந்தது, கடையில் பாக்கெட் மாவு கிடைக்கும்போது எதற்கு என்றுகூட நினைத்தேன். நீங்கள்தான் நாலு உழக்கு இட்லி அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்று கணக்குச் சொல்லி, உங்கள் கிரைண்டரையே எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். உளுந்து சூடாகிவிடாமல் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்ட வேண்டும், ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் பஞ்சு மாதிரி மிதக்க வேண்டும், அப்போதுதான் வழிக்கலாம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடியுமுன்னே பொங்கிப் புளித்துவிடும் என்பதால், வெயில் காலத்தில் உப்பைப் பிறகு போடு, மார்கழியில் கரைக்கும்போதே போட்டுக் கையால் நன்றாகக் கலக்கு என்றீர்கள். இதை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடித்துத் தர முடியாது. சளி பிடித்துக் கிடந்தபோது உங்கள் சௌராஷ்டிரா வீட்டுப் பக்குவத்தில் முள்ளுமுருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்து, மிளகு சீரகம் போட்டுச் சுட்டுத் தந்தீர்களே, அடுத்த வாரமே அதையும் என்னைச் செய்யவைத்துவிட்டீர்கள். முருங்கைக்கும் முள்ளுமுருங்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணா நகர் உழவர் சந்தையில் கீரையும் காயும் விற்கும் அம்மாவுக்கு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999-ல் திறந்தது, நம்ம மதுரையில் இருக்கிறது. இத்தனை நாள் நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. வெண்டைக்காய் நுனியை ஒடித்தால் பல கடைகளில் சத்தம் போடுவார்கள். நீங்கள் "ஒடிச்சுப் பாத்து எடுப்பா, அப்பத்தான் தெரியும்" என்று கூடையை என் பக்கம் தள்ளினீர்கள். கத்திரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் மினுங்குகிறதா, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். என் பார்வையில் சமையலில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது, வாடிய காயை வாங்கிவந்து என்ன மசாலா போட்டாலும் அது தேறாது.

சிலிண்டர் மாட்ட வந்த தம்பிக்கும் ஒரு நன்றி. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கவும், கேஸ் வாசம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்கவும், ஆரஞ்சு டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் அவசரத்திலும் நின்று சொல்லிவிட்டுப் போனாய்.

அப்பத்தா, உனக்கு இதை மதினி படித்துக் காட்டுவார். சோழவந்தான் பக்கம் நம்ம ஊரில் கண்மாய் நிறைந்திருந்த சமயம் அயிரை வந்திருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னாய், நான் முதல் பஸ்ஸில் வந்தேன். உயிரோடு துள்ளும் மீனைத் தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் விட்டு, குடித்த சேற்றை எல்லாம் அது கக்கும்வரை காத்திருந்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு வழவழப்புப் போக உரசி, தண்ணீர் தெளிகிறவரை அலசி அலசி ஊற்றினோம். குழம்பு கூட்டுவதைவிட அந்தக் கழுவலுக்குத்தான் நேரம் அதிகம். அவசரப்பட்டால் வாயில் மண் நறநறக்கும் என்று நீ என்னை எழுந்திருக்கவே விடவில்லை. நல்லெண்ணெயில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளிக்கரைசல் வற்றி எண்ணெய் மேலே மிதந்த பிறகுதான் மீன். போட்டதும் கரண்டி கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிய உன் சட்டியையே பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாய். அது இப்போது என் அடுப்பில்தான் இருக்கிறது அப்பத்தா.

பொண்ணு வீட்டு அத்தைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போன் போட்டு உளுந்தங்கஞ்சி எப்படி வைப்பது என்று கேட்டதற்கு நீங்கள் சிரிக்கவும் இல்லை, சங்கடப்படவும் இல்லை. தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, கொஞ்சம் அரிசி, வெந்தயம், பூண்டு சேர்த்துக் குழைய வேகவிட்டு, கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், கடைசியில் தேங்காய்ப்பால் என்று நிதானமாகச் சொன்னீர்கள். உங்கள் மகளுக்கு இனிப்பு குறைவாக இருந்தால்தான் பிடிக்கும் என்பதையும் சொன்னீர்கள். நைட் டூட்டி முடிந்து வரும் காலையில் அவருக்கு அதுதான்.

கடைசியாக அம்மா. வாரா வாரம் பஸ்ஸில் குழம்பும் பொரியலும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாய். நான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் அதை நிறுத்திவிட்டாய். பிள்ளை என்ன சாப்பிடுகிறானோ என்று உனக்கு மனசு கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்தபோது, "நகரு, நான் பாத்துக்கிறேன்" என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்து நான் தாளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் எனக்கு இடம் கொடுத்தார்கள், நீ உன் இடத்தையே கொடுத்தாய். அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

கல்யாணம் முடிந்து மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். சமையல் நான்தான். கல்யாணப் பொண்ணுக்கு அன்று டூட்டி இல்லை, விசாரித்துவிட்டேன். மெஸ் அண்ணே, ஒரு நாள் கடைக்கு லீவு விடுங்கள். கறி, மீன் சாப்பிடாதவர்கள் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்களுக்குத் தனி அடுப்பில் தனிப் பாத்திரம் வைக்க வேண்டும்.