சொல்லின் வாலிலிருந்து தொடங்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலாண்டு நர்சிங் மாணவிகளுக்கு மருத்துவச் சொல் வகுப்பை நீ எடுக்கப்போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள்: நீ அனுப்பிய கிரேக்க வேர்ப் பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைக்காதே. பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுவார்கள்.

சொல்லின் கடைசியிலிருந்து படிக்கக் கற்றுக்கொடு. போர்டில் 'கோலிசிஸ்டெக்டமி' என்று எழுது. வாலில் நிற்பது 'எக்டமி', வெட்டி அகற்றுவது. பிறகு முன்னால் போ: 'கோலி' பித்தம், 'சிஸ்ட்' பை. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்கு நேர் கீழே 'கோலிசிஸ்டாஸ்டமி'. 'ஸ்டோமா' கிரேக்கத்தில் வாய். இங்கே பை உள்ளேயே இருக்கிறது, பித்தம் வெளியே வடிய ஒரு வழி மட்டும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக 'கோலிடோகோலித்தாட்டமி': பித்தநாளத்தைத் திறந்து கல் எடுப்பது. 'லித்' கல், 'டமி' வெட்டித் திறப்பது. முதல் இரண்டையும் குழப்பிக்கொள்கிற மாணவி, குழாயில் எவ்வளவு பித்தம் வடிந்தது என்று குறிக்க வேண்டிய நோயாளியைக் கவனிக்காமல் விட்டுவிடுவாள்.

நடுவில் வரும் 'ஓ' வெறும் இணைப்பு. பின்னால் மெய் வந்தால் நிற்கும் (காஸ்ட்ரோஸ்கோபி, இரைப்பைக்குள் பார்ப்பது), உயிர் வந்தால் போய்விடும் (காஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி). இரண்டு உறுப்புகள் சேரும்போது மட்டும் உயிருக்கு முன்னும் நிற்கும்: காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ், இரைப்பையிலும் குடலிலும் அழற்சி.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டுக்கும்தான். மேல், கீழ் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 2.8 இருப்பவருக்குப் பொட்டாசியம் கொடுப்பார்கள். 6.5 இருப்பவருக்கு அதையே ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். 'ஹைப்போகலீமியா' (பொட்டாசியம் குறைவு), 'ஹைப்பர்கலீமியா' (பொட்டாசியம் மிகுதி) இரண்டும் போனில், சத்தமான வார்டில், ஒன்றுபோலவே காதில் விழும். அதனால் சொல்லை மட்டும் சொல்லக்கூடாது. "பொட்டாசியம் குறைவு, 2.8" என்று எண்ணோடு சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே இருவர் இருவராக நிறுத்திப் பழக்கிவிடு.

ஒலி ஒத்த வேர்களையும் சேர்த்தே வை. 'பையூரியா' சிறுநீரில் சீழ், 'பைரெக்சியா' காய்ச்சல், 'பையலைட்டிஸ்' சிறுநீரகத்தின் உள்குழிவில் அழற்சி. சீழ், நெருப்பு, தொட்டி என்று மூன்றும் வேறு வேறு வேர்கள். 'மயலோ'வுக்கு எலும்பு மஜ்ஜை, தண்டுவடம் என இரண்டு பொருள், ஏனென்றால் கிரேக்கர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தார்கள். எது என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வேர் கைவிடும் இடங்களையும் மறைக்காதே. 'ஓமா' என்றால் கட்டி என்று சொல்லிக்கொடுக்கிறோம். லிப்போமா பெரும்பாலும் தீங்கில்லாத கொழுப்புக் கட்டி, மெலனோமாவும் லிம்ஃபோமாவும் புற்றுநோய். ஹீமடோமா திசுவுக்குள் தேங்கிய இரத்தம். கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது, கண் நரம்புதான் கெடுகிறது. கிரேக்கத்தில் அந்த விகுதி ஒரு செயலின் விளைவைத்தான் குறித்தது, கட்டி என்ற பொருள் பிறகு வந்து ஏறியது. 'ஹீமடோமா' என்று காதில் விழுந்ததும் புற்றுநோய் என்று நடுங்கும் நோயாளிக்கு உன் மாணவிதான் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாமே கிரேக்கம் என்றும் சொல்லிவிடாதே. உடலுறுப்புப் பெயர்களில் பெரும்பகுதி லத்தீன், நோய்க்கும் அறுவைக்கும் கிரேக்கம். இரண்டும் கலந்ததும் உண்டு: 1886-இல் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'அப்பென்டிசைட்டிஸ்' (குடல்வால் அழற்சி) லத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்டது.

முதல் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பொருள் கேட்கும் கேள்விகளைக் குறைத்து, "இந்த நோயாளியிடம் நீ முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்பவற்றைக் கூட்டு.

அன்புடன்,
கலா